வள்ளியின் பரணும் விஸ்கான்ஸின் மானும்

"கதவை யாரோ தட்டுகிறார்கள், போய்ப் பாரேன்" என்றேன் மகளிடம்.

2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தில், பாராபூ என்ற சிற்றூருக்கு வெளியே மகளும் மாப்பிள்ளையும் வீடு வாங்கிக் குடிபோய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் எட்டு ஏக்கர் ஓக் மரத் தோப்பும் அதோடு சேர்ந்து வந்தது. 'தோப்பு' என்று நான் சொல்கிறேன், உண்மையில் காடுதான்.

வாசலில் நின்றவர் பக்கத்துப் பண்ணைக்காரர். எழுபத்தாறு வயசு. ஒரு கையில் தொப்பி. இன்னொரு கையில் ஒரு டஜன் சோளக் கதிர். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். முன்பிருந்த வீட்டுக்காரர் காலத்திலிருந்து முப்பது வருஷமாக இந்தக் காட்டில்தான் மான் வேட்டையாடி வருகிறாராம். இப்போது காடு உங்களுடையது, உங்கள் சம்மதம் இல்லாமல் நான் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன், நவம்பரில் ஸீஸன், இப்போதே ஆரம்பித்தால்தான் இடத்தைத் தயார் பண்ண முடியும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அவர் போன பிறகு எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

"நன்றாயிருக்கிறதடி! மானைக் கொல்லப் போகிறாராம், அதற்கு நாம் இடம் கொடுக்க வேண்டுமாம். எறும்புக்கு அரிசி மாவில் கோலம் போடுகிற குடும்பம் நாம். அந்தச் சோளத்தைக்கூட வேக வைக்காதே!" என்றேன்.

பத்து வயசுப் பேரன் என் கட்சி. மாப்பிள்ளை எதிர்க் கட்சி. "அத்தை, நீங்கள் ஆசையாகப் போட்ட அவரைப் பந்தலை மொட்டை அடித்தது யார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஊரிலிருந்து வந்ததும் விதை ஊன்றி, தண்ணீர் விட்டு, கொழுகொம்பு நட்டு வைத்திருந்தேன். ஒரே ராத்திரியில் மூன்று மான்கள் வந்து குச்சியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போயின. அதற்காகக் கொலை செய்வதா?

மகள் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "வேண்டாம் என்று சொல்வது சுலபம், அம்மா. அந்த மனுஷர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து கேட்டார். காட்டை ஒரு தடவை அவரோடு சுற்றிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம்" என்றாள்.

காட்டுக்குள் ஒரு கம்பி வேலி

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் கிளம்பினோம். காலுறைக்குள் பாண்ட்டின் நுனியைச் செருகிக்கொள்ளச் சொன்னார் கிழவர். அந்தப் பக்கத்துப் புல்லில் கடுகு அளவு உண்ணி உண்டு. அது கடித்தால் லைம் என்ற ஜுரம் வரும். புடைவையில் இருந்த என்னைப் பார்த்து அவர் சங்கடப்பட்டார். மகளுடைய பாண்ட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு போனேன். என் கோலத்தைப் பார்த்துப் பேரன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

காட்டுக்குள் நுழைந்ததும் அவர் துப்பாக்கி, வேட்டை என்று ஒன்றுமே பேசவில்லை. "அண்ணாந்து பார்க்காதீர்கள். தரையைப் பாருங்கள்" என்றார். பார்த்தோம். மேலே நூறு வயசான ஓக் மரங்கள். கீழே பெரணியும் முள்ளும்தான். நடுத்தர வயசு மரம் இல்லை, இளங்கன்று இல்லை. மனுஷர் நெஞ்சளவு உயரம் வரைக்கும் கிளைகளெல்லாம் கத்தரித்தாற்போல் மொட்டையாக இருந்தன.

பிறகு ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். முந்தைய வீட்டுக்காரர் பத்து வருஷத்துக்கு முன் எட்டடி உயரத்தில் கம்பி வலை கட்டிய சிறு சதுரம் அது. நம் வீட்டு முற்றம் அளவுதான் இருக்கும். உள்ளே பார்த்தால், இடுப்பளவு ஓக் கன்றுகள் எழுபது எண்பது! 'டிரில்லியம்' என்று ஒரு செடி. வசந்தத்தில் மூன்று இதழ் வெள்ளைப் பூ பூக்குமாம். வேலிக்கு வெளியே அது ஒன்றுகூட இல்லை.

"ஒரே மண், ஒரே மழை. வித்தியாசம் மான் மட்டும்தான்" என்றார்.

நான் பதில் பேசவில்லை. எட்டு ஏக்கர் காடு வாரிசு இல்லாத வீடு போல நின்றுகொண்டிருந்தது.

இப்படி ஆனதற்குக் காரணம் மான் அல்ல, மனுஷன்தான். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்கு இறங்கிவிட்டது என்கிறார்கள். சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதன் பலன். பிறகு சட்டங்கள் வந்தன. வேட்டையாடின மாமிசத்தை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுக்கும் லேஸி சட்டம் 1900-இல் வந்தது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவிட வேண்டும் என்ற சட்டம் 1937-இல் வந்தது. மான் பெருகியது. ஆனால் அதைத் தின்று கணக்கைச் சரி செய்துகொண்டிருந்த ஓநாயை அதற்குள் தொலைத்துவிட்டார்கள். விஸ்கான்ஸினில் 1960-ஐ ஒட்டி ஓநாய் அடியோடு இல்லை என்றாகிவிட்டது. பின்னால் வடக்கேயுள்ள காடுகளுக்கு அது திரும்பி வந்தது; பண்ணைகள் நிறைந்த தெற்கே அதற்கு ஏது இடம்? இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் பதினைந்து லட்சத்துக்குக் குறையாமல் மான் இருக்கிறதாம். நாடு முழுவதும் மானோடு மோதுகிற கார்கள் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல்.

"அதன் குட்டி என்ன ஆகும்?"

"பெண் மானையும் சுடுவீர்களா?" என்று கேட்டேன்.

"பெண் மானைத்தான் முக்கியமாகச் சுட வேண்டும், மேடம். ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். கொம்பு வைத்ததை மட்டும் சுட்டால் சுவரில் மாட்டலாம், பிறக்கிற குட்டி குறையாது" என்றார்.

"அதன் குட்டி என்ன ஆகும்?"

இந்தக் கேள்வியை மகள் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னபோது அவள் குரலும் கொஞ்சம் தழுதழுத்தது. கிழவர் உடனே பதில் சொல்லவில்லை. குனிந்து ஓர் ஓக் கொட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: குட்டிகள் மே மாசக் கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. அநேகமாக இரட்டை. இலையுதிர் காலத்துக்குள் பால்குடி மறந்து, உடம்பிலுள்ள புள்ளியும் மறைந்துவிடும். நவம்பர் கடைசியில் தாய் இல்லாமலே மேய்ந்து பிழைக்கும். அதனால்தான் துப்பாக்கி ஸீஸனை அவ்வளவு தள்ளி வைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன் என்றார். "ஆனால் அது என் மனசுக்குச் சுலபம் என்று சொன்னால் பொய்" என்றும் சொன்னார்.

இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவரை எனக்குப் பிடித்தது.

இந்த வாதம் புதிதல்ல. பாராபூவுக்குப் பக்கத்திலேயே, விஸ்கான்ஸின் ஆற்றங்கரையில், ஆல்டோ லியோபோல்ட் என்ற பேராசிரியர் 1935-இல் ஒரு வறண்ட பண்ணையை வாங்கினார். கோழிக் கொட்டகையைக் குடிசையாக்கி, மனைவி எஸ்டெல்லாவும் ஐந்து குழந்தைகளுமாக விடுமுறைதோறும் வந்து ஆயிரக்கணக்கில் பைன் கன்று நட்டார்கள். எஸ்டெல்லா அம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. வில்வித்தையில் மாநிலப் பெண்கள் சாம்பியன்! லியோபோல்ட் இளம் வயசில் தென்மேற்கு மலைகளில் ஓநாயைச் சுட்டவர். பின்னால் அதற்காக வருந்தி எழுதியவர். 1943-இல் மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புக் கமிஷனில் சேர்ந்து, பனிக்காலத்தில் மான்கள் பட்டினியால் சாகின்றன, பெண் மானையும் சுட அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார். அந்த வருஷம் சுமார் 1,28,000 மான்கள் விழுந்தன. ஜனங்கள் கொதித்துப் போய் அதற்கு 'நாற்பத்து மூன்றின் குற்றம்' என்றே பெயர் வைத்தார்கள். 1948-இல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்தில் லியோபோல்ட் மாரடைப்பால் காலமானார். அவருடைய புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது. குடிசையை நாங்களும் போய்ப் பார்த்தோம். அவர்கள் நட்ட பைன் மரங்கள் இன்று வானளாவி நிற்கின்றன.

நாலு நிபந்தனை

வீடு திரும்பிப் பேசினோம். பேரனையும் வைத்துக்கொண்டுதான் பேசினோம். கடைசியில் சம்மதம் என்று முடிவாயிற்று. ஆனால் நாலு நிபந்தனை. இரண்டு மானுக்கு மேல் கூடாது. வீட்டையோ சாலையையோ நோக்கிக் குண்டு போகக் கூடாது. அடிபட்ட மானைத் தேடாமல் விட்டுவிட்டு வரக் கூடாது. நாலாவது என்னுடையது: குழந்தை பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிப் போகிற வரையில் ஒன்றையும் முற்றத்து வழியே இழுத்துக்கொண்டு வரக் கூடாது.

"சரி" என்றார் கிழவர். தம்முடைய ஐந்தாவது நிபந்தனை ஒன்று என்று சேர்த்துக்கொண்டார்: "சந்தேகமாக இருந்தால் சுட மாட்டேன்."

அடுத்த மூன்று மாதம் அவர் செய்த காரியங்களைப் பார்த்துத்தான், ஒரு நொடி வேலைக்கு எத்தனை முன்னேற்பாடு என்று எனக்குப் புரிந்தது.

முதலில் பரண். ஆமாம், நம் வள்ளியம்மை தினைப்புனத்தில் ஏறி நின்று கவண் வீசினாளே, அதே பரண்தான். மானின் வயிற்றில் பிறந்து வேடர் வீட்டில் வளர்ந்தவள் நம் வள்ளி. அந்தக் கதையை நான் பேரனுக்குச் சொன்னேன், பேரன் கிழவருக்குச் சொன்னான். அவர் ரொம்ப ரசித்தார். மரத்தோடு சேர்த்துக் கட்டும் ஏணியும் அதன் உச்சியில் ஓர் ஆசனமும்; பதினைந்தடி உயரம். பழைய பட்டைவார்களை வெயிலும் அணிலும் அரித்திருக்கும் என்று எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். ஏறும்போதே இடுப்பையும் தோளையும் மரத்தோடு பிணைக்கும் கச்சையைக் கட்டிக்கொள்வார். வேட்டைக்காரர்களுக்கு நேரும் விபத்துக்களில் குண்டு படுவதைக் காட்டிலும் பரணிலிருந்து விழுவது அதிகமாம்.

உயரத்தில் உட்காருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலிருந்து சுட்டால் குண்டு தப்பினாலும் மண்ணில் புதையும். எந்தத் திசையில் பின்னால் மேடு இருக்கிறது, எந்தத் திசையில் சாலை இருக்கிறது என்று பார்த்து, சுடக் கூடாத பக்கத்து மரங்களில் சிவப்பு நாடா கட்டினார். மற்றப் பக்கத்தில் மூன்று சந்து மட்டும், கிளைகளை அளவாகக் கழித்து, மறைப்பில்லாமல் செய்தார். குண்டு ஒரு சுள்ளியில் பட்டுத் திரும்பினால்கூட மான் உடனே சாகாமல் காயத்தோடு ஓடும். அதுதான் பெரிய பாவம் என்றார்.

அடுத்தது காற்று. மானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் காவல். நவம்பரில் அந்தப் பக்கத்தில் மேற்கும் வடமேற்குமாகக் காற்று வீசும். எனவே மான் வரும் தடத்துக்குக் கிழக்கே பரண். சரிவான இடத்தில் காலையில் வெயில் ஏற ஏறக் காற்று மேல் நோக்கிப் போகும். சாயங்காலம் குளிர்ந்து கீழே இறங்கும். இதற்குத் தகுந்தபடி காலைக்கு ஓர் ஆசனம், மாலைக்கு ஓர் ஆசனம்!

பிறகு சாப்பாட்டு ஆராய்ச்சி. தூரதிருஷ்டிக் கண்ணாடியால் ஓக் மரத்தின் உச்சியைப் பார்த்து எதில் காய்ப்பு அதிகம் என்று குறித்துக்கொள்வார். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்புக் குறைவு. அது ஒரே வருஷத்தில் முற்றும். சிவப்பு ஓக்குக்கு இரண்டு வருஷம் வேண்டும், துவர்ப்பும் அதிகம். மான் முதலில் வெள்ளையைத்தான் தேடி வரும். நமக்கு மல்கோவா, நாட்டு மாம்பழம் என்று இல்லையா, அதுபோல. சிலர் காட்டு நடுவே நிலத்தைத் திருத்திக் குளோவர், டர்னிப் எல்லாம் விதைக்கிறார்கள். உறைபனி விழுந்ததும் டர்னிப் இலை தித்திக்குமாம். இவர் தம் பண்ணையின் ஓரத்தில் குளோவர் மட்டும் விதைத்தார். சோளத்தையோ உப்பையோ கொட்டி வைத்து மானை இழுப்பது அந்த ஜில்லாவில் சட்ட விரோதம். பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் 'க்ரானிக் வேஸ்டிங் டிஸீஸ்' என்ற நோய் பரவும். மூளையைத் தின்று உடம்பை உருக்கும் நோய் அது, மருந்து கிடையாது. 2002-இல் அந்த மாநிலத்தில் முதல் தடவையாகக் கண்டுபிடித்தார்கள்.

மரத்தில் ஒரு சின்னக் காமிராவைக் கட்டினார். எது எதிரே வந்தாலும் தானே படம் எடுக்கும். பேரனுக்கு அதுதான் தினம் ஒரு சினிமா. செப்டம்பரில் ஆண் மான் கொம்பின் மேலிருக்கும் மெத்துத் தோலை உரித்துவிட்டு இளமரங்களில் தேய்ப்பதையும், அக்டோபரில் குளம்பால் தரையைக் கீறி அடையாளம் வைப்பதையும் பார்த்தோம். அக்டோபர் பாதியில் கிழவர் காட்டுக்குள் போவதையே நிறுத்திவிட்டார். பரணுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மட்டும் சருகைக் கூட்டி ஒதுக்கி வைத்தார், காலடிச் சத்தம் கேட்காமல் இருக்க. "இனிமேல் நவம்பர் வரை அது அவர்கள் வீடு" என்றார்.

சோப்பும் சோகமும்

பெண்களுக்கு இதில் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். அந்த வீட்டுப் பாட்டி ஒருநாள் ஆரஞ்சு நிறச் சட்டைகளைத் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். சாதாரண சோப்புப் பவுடரில் துணி பளிச்சென்று தெரிய ஒரு சரக்குச் சேர்க்கிறார்கள் அல்லவா? அதில் துவைத்த துணி மான் கண்ணுக்கு நீலமாக மினுங்குமாம். நமக்குத் தெரியாத ஊதாக் கதிர் அதற்குத் தெரியும். ஆரஞ்சும் சிவப்பும் அதற்குச் சரியாகத் தெரியாது. ஆகவே மனுஷர் கண்ணுக்கு நெருப்பாகத் தெரிகிற ஆரஞ்சுச் சட்டை மானுக்கு மங்கலான துணி. வேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்க இதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. 2016 முதல் பளிச்சென்ற ரோஜா நிறத்துக்கும் அனுமதி உண்டு.

பெண்களைப் பிள்ளைகளைப் பார்க்க அந்த நாட்டுக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: நவம்பரில் காட்டோரமாக நடக்கப் போனால் வெள்ளைப் புடைவையும் பழுப்புச் சால்வையும் வேண்டவே வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தால் அது மானின் வால், இது மானின் முதுகு! மேலே ஓர் ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் கடைத் தெருவில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். 'மான் விதவைகள் விற்பனை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புருஷன்மார்கள் காட்டுக்குப் போய்விடுவதால் தனியாக இருக்கும் பெண்களுக்குத் தள்ளுபடியாம். "சிவ சிவா! சுமங்கலிகளை இப்படியா சொல்வது?" என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். பாட்டி சிரித்தாள். "ஐம்பது வருஷமாக நான் விதவைதான். ஒன்பது நாள் கழித்து நாற்றத்தோடு திரும்பி வந்துவிடுவார்" என்றாள். ஆனால் அவர் கச்சையைக் கட்டிக்கொண்டாரா என்று தினமும் விடியற்காலை எழுந்து அவளே தொட்டுப் பார்த்து அனுப்புவதை நான் கவனித்தேன்.

ஸீஸன்

நவம்பர் 19, சனிக்கிழமை. நன்றி நாளுக்கு முந்தின சனிக்கிழமைதான் அங்கே துப்பாக்கி ஸீஸனின் முதல் நாள். மாநிலம் முழுவதும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் அன்றைக்கு இருட்டோடு காட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலரை மணிக்கே விளக்கேற்றி ஸஹஸ்ரநாமத்தை எடுத்துக்கொண்டேன். தூரத்தில் எங்கெங்கோ வெடிச் சத்தம். எங்கள் காடு மட்டும் மௌனமாக இருந்தது.

சாயங்காலம் கிழவர் வெறும் கையோடு வந்தார். நல்ல பெண் மான் ஒன்று ஐம்பது கஜத்தில் நின்றதாம். "சுடவில்லையா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"சிவப்பு நாடாப் பக்கத்தில் நின்றது" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாளும் அப்படியே போயிற்று.

திங்கட்கிழமை பேரன் பஸ் ஏறிப் போன பிறகு ஒரே ஒரு சத்தம் கேட்டது. என் கையிலிருந்த கரண்டி நழுவியது. ஒரு மணி கழித்து அவர் வாசலில் நின்றார். தொப்பி கையில். "ஒரு குண்டு. நாற்பது அடிகூட ஓடவில்லை. உங்களிடம் சொல்லவேண்டும் என்று வந்தேன்" என்றார். கொம்பில்லாத கிழட்டுப் பெண் மான். தலையைச் சோதனைக்கு அனுப்பினார். நோய் கண்ட மானைச் சாப்பிட வேண்டாம் என்பது அங்கே சர்க்காரின் யோசனை. மனுஷருக்கு அந்த நோய் தொற்றியதாக இதுவரை தெரியாவிட்டாலும், முடிவு வரும் வரை இவர் காத்திருந்தார். நோய் இல்லை என்று தெரிந்ததும் மாமிசத்தை ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையத்துக்கே கொடுத்துவிட்டார். 2000-லிருந்து அந்த மாநிலத்தில் இதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இன்னொரு மானுக்கு அனுமதி இருந்தும் அந்த வருஷம் அவர் சுடவில்லை.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. பேரன் மட்டும் கேட்டான்: "பாட்டி, நாம் செய்தது சரியா?" கம்பி வேலிக்குள் இருந்த கன்றுகளை நினைத்தேன், வெடிச் சத்தத்தையும் நினைத்தேன். "தெரிந்து செய்தோம், கண்ணா" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் ஊர் திரும்பிவிட்டேன். மாப்பிள்ளை இன்னும் இரண்டு சதுரம் கம்பி வலை கட்டியிருக்கிறார். ஒவ்வோர் ஆகஸ்டிலும் மகள் டெலிபோனில் கூப்பிடுகிறாள்.

"அம்மா, தாத்தா வந்திருந்தார்."

"சோளம் கொண்டு வந்தாரா?"

"கொண்டு வந்தார். இந்த வருஷமும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். பதிலை அடுத்த வாரம் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்."

"சோளத்தை வேக வை" என்கிறேன் நான்.